ஆளுக்கு 15 லிட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிம்பாங் அம்பாட் கோப்பிக்கடையில் பசியாற உட்கார்ந்தால், பத்து கவான் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளைஞர் யாராவது ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதே கேள்வியைக் கேட்கிறார். "அக்கா, நீங்க சண்டை நடக்கிற நாட்டுக்கெல்லாம் போய் வந்தவங்களாமே. நாங்களும் போகலாமா? எங்க பதியணும்?" 2023 அக்டோபரில் காஸாப் போர் தொடங்கியதிலிருந்து இப்படிக் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். எல்லாரும் நல்ல பிள்ளைகள். இரவெல்லாம் கைப்பேசியில் அந்தக் காட்சிகளைப் பார்த்துவிட்டு, மனசு பொறுக்காமல் வருகிறவர்கள்.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "ஒரு வாளி நிறைய எத்தனை விநாடி ஆகுதுன்னு வெயில்ல நின்னு பார்க்கப் பொறுமை இருக்கா?"

சிரிக்கிறார்கள். அவர்கள் மனத்தில் இருக்கும் படம் வேறு. இடிந்த கட்டடம், கையில் ஒரு குழந்தை, முதுகில் அமைப்பின் பெயர் போட்ட சட்டை. அப்படியும் சில நாள்கள் உண்டு. ஆனால் களப்பயணம் என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் ஒரு பாரத்தையும் பேனாவையும் வைத்துக்கொண்டு எண்ணுகிற வேலை. குழாய்களை எண்ணுவது, கழிவறைகளை எண்ணுவது, ஒரு கூடாரத்தில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று எண்ணுவது. அந்த எண்ணிக்கை எவ்வளவு கனக்கும் என்பதை நான் தெரிந்துகொண்டது 2009 செப்டம்பரில், இலங்கையின் வவுனியா மாவட்டத்தில்.

நான் படித்தது கட்டுமானப் பொறியியல். தண்ணீர்க் குழாய் பதிக்கும் குத்தகை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள். அவர்களில் 52 பேர் நம் பினாங்கு மாநிலத்தில். அதற்குப் பிறகு நிவாரண வேலைக்கு ஆள் தேடினார்கள். தண்ணீர் தெரிந்தவர் வேண்டும் என்றார்கள். அச்சேவுக்குப் போனேன். ஆறு வாரம் என்று போனது பல ஆண்டு வேலையாகிவிட்டது.

தண்ணீர் வரிசை எனக்குப் புதிதும் அல்ல. சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்து வீட்டில் பிறந்தவள் நான். லயத்தின் கோடியில் ஒரே ஒரு பொது பைப்பு. காலையில் கொஞ்ச நேரம், சாயந்திரம் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். பால்மரம் வெட்டப் போகும் முன்பே என் பாட்டி வாளியை வரிசையில் வைத்துவிட்டுப் போவார். ஆள் இல்லாவிட்டாலும் வாளி நின்றால் இடம் அவருக்குத்தான். அந்தச் சட்டத்தை மண்டோர்கூட மீற முடியாது.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது, வன்னியிலிருந்து வெளியே வந்த மக்களை இலங்கை அரசு முகாம்களில் வைத்தது. 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலோர் இருந்தது செட்டிகுளம் பக்கம் காட்டை வெட்டித் திறந்த மெனிக் பாம் முகாமில். நான் வேலை பார்த்த சர்வதேச நிவாரண அமைப்பு என்னை அங்கே அனுப்பியது ஐந்து நாளுக்கு. ஆகஸ்டு மாதம் பெய்த மழையிலேயே கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்திருந்தது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் தண்ணீர், கழிவறை, வடிகால் மூன்றையும் பார்த்து அறிக்கை எழுத வேண்டும்.

கொழும்பிலிருந்து காலை இருட்டோடு கிளம்பினோம். அனுராதபுரம் தாண்டி மதவாச்சி சோதனைச் சாவடி. அங்கே பை, பெட்டி, வண்டியின் அடிப்பாகம் எல்லாம் பார்த்தார்கள். கடப்பிதழில் இருந்த என் தமிழ்ப் பெயரை ஒரு முறைக்கு இரு முறை வாசித்தார்கள். முகாம் வாசலில் கைப்பேசியையும் கேமராவையும் கொடுத்துவிட வேண்டும். தண்ணீர் பற்றிக் கேட்கலாம், நோய் பற்றிக் கேட்கலாம். எங்கிருந்து வந்தீர்கள், யாரைத் தொலைத்தீர்கள் என்று கேட்கக் கூடாது. கடிதம் வாங்கக் கூடாது. எங்களோடு எப்போதும் ஒருவர் வருவார். இதையெல்லாம் என் மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். கடைசியாக, "உனக்குத் தமிழ் தெரியும் என்பது நமக்கு உதவி. அதுவே உபத்திரவமாகவும் ஆகலாம்" என்றார்.

அரசாங்கத்தின் வாயில் அது 'நலன்புரிக் கிராமம்'. சுற்றிலும் முள்கம்பி. உள்ளே பிரிவு பிரிவாகப் பெயர் வைத்திருந்தார்கள்: கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். இலங்கைத் தமிழரின் பெரிய பெயர்கள் எல்லாம் வரிசையாகக் கூடாரங்களுக்கு மேலே. நடராசர் சிலையின் பொருளை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ஆனந்த குமாரசுவாமியின் பெயரை என் பாரத்தில் கழிவறைத் தொகுதிக்கு முன்னால் எழுத வேண்டியிருந்தது. யார் யோசித்த யோசனையோ, தெரியாது. கை கூசியது.

எண்ணுவதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 1994-இல் ருவாண்டாவிலிருந்து தப்பி ஓடியவர்கள் கோமா நகரத்துப் பக்கம் முகாம்களில் காலராவிலும் வயிற்றுக்கடுப்பிலும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். உதவ வந்த அமைப்புகள் ஏராளம். எது போதும், எது போதாது என்று சொல்ல அவர்களுக்குப் பொதுவான அளவு ஒன்றும் இல்லை. அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் 1997-இல் தொடங்கிய ஸ்பியர் திட்டம். அது சொல்லும் குறைந்த அளவு இது: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் சேர்த்து. 250 பேருக்கு ஒரு குழாய். 20 பேருக்கு ஒரு கழிவறை. ஒருவர் படுக்க மூன்றரைச் சதுர மீட்டர்.

பினாங்கில் நாம் வீட்டில் புழங்குவது ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 280 லிட்டர். மலேசியாவிலேயே தண்ணீரைத் தாராளமாகச் செலவழிக்கும் மாநிலங்களில் நாம் முன்னணி. 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்ற நான்கு நாள் தண்ணீர் நிறுத்தினார்களே, நினைவிருக்கும். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள். எங்கள் தாமான் வாட்ஸ்அப் குழுவில் அந்த நான்கு நாளில் முறிந்த நட்புகள் இன்னும் ஒட்டவில்லை. முன்கூட்டியே சொல்லி, லாரியில் தண்ணீர் அனுப்பி, நாள் குறித்து நிறுத்தியதற்கே அப்படி.

குழாயைச் சோதிப்பது இப்படி. ஒரு குழாய் நிமிடத்துக்கு ஏழரை லிட்டர் தர வேண்டும். அப்படியானால் 10 லிட்டர் வாளி 80 விநாடியில் நிறையும். 250 பேருக்கு ஆளுக்கு 15 லிட்டர் என்றால் 3,750 லிட்டர். அந்தக் குழாய் எட்டு மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஓட வேண்டும். இரண்டாம் நாள் இராமநாதன் பிரிவில் நான் பார்த்த முதல் குழாயில் ஒரு வாளி நிறைய மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. வரிசையில் ஆள்களைவிட வாளிகள்தான் அதிகம் நின்றன. நீல வாளி, சிவப்பு வாளி, அடியில் துணி அடைத்த வாளி, எண்ணெய் டின், ஒரு குழந்தையின் மூத்திரச் சட்டி. வாளி நின்றால் இடம் அவர்களுக்குத்தான். பாட்டியின் சட்டம் கடல் தாண்டியும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

தண்ணீர் அருவி ஆற்றிலிருந்து வந்தது. சிங்களத்தில் மல்வத்து ஓயா. மழைக்குப் பிறகு அது தேநீர் நிறத்தில் ஓடியது. படிகாரம் போட்டுத் தெளியவைத்து, குளோரின் கலந்து, பவுசரிலும் குழாயிலும் அனுப்பினார்கள். நான் சிறு கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து மாத்திரை போட்டுக் கலக்கினேன். இளஞ்சிவப்பாக மாறினால் குளோரின் இருக்கிறது என்று பொருள். சுற்றிக் கூடிய பிள்ளைகளுக்கு அது வித்தை மாதிரி. ஒரு கிழவி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உதெல்லாம் என்னத்துக்குப் பிள்ளை? தேத்தாங்கொட்டையைப் பானையிலை உரைச்சுவிட்டால் தண்ணி தெளிஞ்சிடும்." உண்மைதான். தேத்தாங்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும், கிருமியைக் கொல்லாது. அதை அவருக்குச் சொன்னேன். "ஓம், உங்கட மருந்து கிருமியைக் கொல்லும், மணத்தையும் கொல்லும்" என்றார். அவர் சொன்னதும் சரி. குளோரின் வாடைக்குப் பயந்து பலர் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் இருந்தார்கள் என்பது என் அறிக்கைக்கு முக்கியமான செய்தி. மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டவர்களுக்கு அது கிடைத்திருக்கவில்லை.

என் தமிழ் அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. நான் கழிவறை என்றால் அவர்கள் மலசலகூடம் என்றார்கள். நான் கென்வஸ் என்றால் அவர்கள் தறப்பாள் என்றார்கள். நான் பேசினேன், அவர்கள் கதைத்தார்கள். "பிள்ளை எந்த இடம்? கதை வேற மாதிரிக் கிடக்கு" என்று ஒரு பெரியவர் கேட்டார். மலேசியா என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "மலாயாவோ! எங்கட பெரியப்பா மலாயா பென்சன்காரர் எல்லோ. ரயில்வேயிலை கிளார்க்காக இருந்தவர்." ஆங்கிலேயர் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் எழுத்தராக வந்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். நான் தோட்டத்து வம்சம், அவர் சொல்வது வெள்ளைச்சட்டை வம்சம். மலாயாவில் இந்த இரண்டும் அவ்வளவாகக் கலந்ததில்லை. அதைச் சொல்லவா முடியும்? தலையாட்டினேன். பட்டர்வொர்த்திலிருந்து ரயில் இப்போதும் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். அந்த ஐந்து நாளில் நான் யாருக்காவது கொடுத்த ஒரே நல்ல செய்தி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அவரே பிறகு, கூட வந்தவர் சற்றுத் தள்ளி நின்ற நேரத்தில், ஓர் எண்ணைச் சொன்னார். கனடா எண். மகன் அங்கே இருக்கிறான், தாங்கள் உயிரோடு இருப்பது அவனுக்குத் தெரியாது என்றார். எழுத வேண்டாம், மனதில் வையுங்கோ என்றார். கடிதம் வாங்கக் கூடாது என்ற விதி முட்டாள்தனமானது அல்ல. ஒருவர் மாட்டினால் அந்த அமைப்பின் வண்டிகள் அத்தனையும் வாசலில் நிற்கும். வண்டி நின்றால் குழாய் நிற்கும். விதியின் நியாயம் எனக்குத் தெரியும். அந்த எண் என்ன ஆயிற்று என்று இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பக்கம் இன்னும் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாம் நாள்தான் வரிசையில் நின்ற ஒரு பெண் என்னிடம் கிணற்றைப் பற்றிப் பேசினார். நாற்பது வயதிருக்கும். கிளிநொச்சிப் பக்கம். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: ஒரு நாளைக்கு உங்கள் குடும்பத்துக்கு எத்தனை வாளி கிடைக்கிறது? அவர் பதில் சொல்லவில்லை. "எங்கட வளவுக்குள்ளை கிணறு இருந்தது பிள்ளை. கோடையிலையும் வத்தாது. ஊர்ச் சனம் வந்து அள்ளும். நான் ஒருத்தரையும் வேண்டாம் எண்டு சொன்னதில்லை. இஞ்ச ஒரு வாளிக்குக் கணக்குக் கேக்கிறியள்."

அதுவரை நான் அவர்களைத் தண்ணீர் இல்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாரத்தில் அப்படித்தான் இருந்தது: தேவை, வழங்கல், பற்றாக்குறை. அவர்கள் கிணறு உள்ளவர்கள். வீட்டுக்கு வீடு கிணறு, வயலுக்கு இரணைமடுக் குளம். அந்தக் கிணற்றுக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது வறட்சி அல்ல, கம்பி.

அன்று சாயந்திரம் வவுனியாவில் தண்ணீர், சுகாதார அமைப்புகளின் கூட்டம். அந்த ஆண்டு அங்கே நடந்த கூட்டங்கள் பலவற்றில் கிளம்பிய சண்டை அதிலும் கிளம்பியது. வடிகாலைச் சிமெண்டில் கட்டுவதா, மண்ணை வெட்டி விடுவதா? கேட்டால் சின்ன விஷயம். ஒரு பக்கத்தார் சொன்னார்கள்: சிமெண்டு போட்டால் முகாம் நிலைத்துவிடும், மக்களை அடைத்து வைப்பதற்கு நாம் வசதி செய்து கொடுக்கிறோம், நம் பணத்தில் சிறை கட்டுகிறோம். மறு பக்கத்தார் சொன்னார்கள்: மழை அரசியல் பார்த்துப் பெய்யாது, கழிவறைக் குழி நிரம்பி வழிந்தால் முதலில் சாவது ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், அவர்கள் சாவு யாரையும் விடுவிக்காது. இரண்டு பக்கமும் அனுபவசாலிகள். இரண்டு பக்கமும் கோபம் வரும்போது எதிர்ப்பக்கத்தை இரக்கமில்லாதவர்கள் என்றது.

நான் வடிகால் பக்கம். அன்றும், இன்றும். கொள்கைக்காகத் தாகத்தோடு இருக்கும்படி இன்னொருவர் பிள்ளையிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் எதிர்ப்பக்கம் சொன்னதைத் தட்டிவிடவும் முடியவில்லை. 15 லிட்டரும் கிடைத்து, 20 பேருக்கு ஒரு கழிவறையும் கட்டி, குளோரின் இளஞ்சிவப்பாக வந்துவிட்டால், என் பாரத்தின்படி அந்த இடம் தேறிவிடும். எல்லாக் கட்டத்திலும் சரி போடலாம். கம்பிக்கு அதில் கட்டமே இல்லை.

நான்காம் நாள், அதே கிணற்றுக்காரி. இந்த முறை அவர்தான் கேட்டார். "போன வருசமும் இப்பிடித்தான் உங்கட ஆக்கள் வந்து நல்லாக் கதைச்சவை. பிறகு வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போட்டினம். நீங்கள் எப்ப போறியள்?"

2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உறுதி தர முடியாது என்று அரசு சொன்னதும், ஐ.நா.வும் சர்வதேச அமைப்புகளும் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. ஐ.நா. அலுவலக வாசலில் மக்கள் கூடி, போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். வெளிநாட்டவர் இருக்கும்வரை குண்டு கொஞ்சம் யோசித்து விழும் என்பது அவர்கள் கணக்கு. வண்டிகள் போய்விட்டன. செஞ்சிலுவைச் சங்கம் மட்டும் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. 2009 பிப்ரவரியிலிருந்து மே வரை காயப்பட்டவர்களைக் கரையிலிருந்து கப்பலில் ஏற்றியது. ஐ.நா. தன் நடத்தையைத் தானே விசாரித்து, சார்லஸ் பெட்ரி தலைமையில் எழுதிய அறிக்கை 2012 நவம்பரில் வெளிவந்தது. மக்களைக் காக்கும் கடமையில் ஐ.நா. தவறியது என்று அதுவே எழுதியது. எனக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. வாளியோடு நின்ற ஒரு பெண் மூன்று வருடத்துக்கு முன்பே அதை ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். இந்த வேலையில் பொய்யான ஆறுதல் சொல்வதைப் போன்ற கெட்ட பழக்கம் வேறு இல்லை. அடுத்து வருகிறவர் அதற்கு விலை கொடுப்பார். அவர் தலையை ஆட்டிக்கொண்டு வாளியை ஓர் அடி முன்னால் நகர்த்தினார்.

நாங்கள் போகிறவர்கள்தான். இளைஞர்களிடம் நான் முதலில் சொல்ல நினைப்பதும் சொல்லத் தயங்குவதும் இதையே. கடப்பிதழ் வைத்திருப்பவருக்குத் திரும்பும் டிக்கெட் உண்டு. ஆபத்து மிஞ்சுவது அந்த ஊர் ஊழியர்களுக்கு. 2006 ஆகஸ்டு 4-ஆம் தேதி மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் 17 ஊழியர்களைத் தங்கள் அலுவலக வளாகத்திலேயே வைத்துக் கொன்றார்கள். அனைவரும் இலங்கையர், சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தண்ணீரும் கழிவறையும் கட்டிக்கொண்டிருந்தவர்கள். என் வேலைதான் அவர்கள் வேலையும். 2024 ஏப்ரல் 1-ஆம் தேதி காஸாவில் சமையலறை அமைப்பின் ஊழியர்கள் ஏழு பேர் வண்டியில் போகும்போதே கொல்லப்பட்டார்கள். உலகம் அதிர்ந்தது, அவர்களில் ஆறு பேர் வெளியிலிருந்து வந்தவர்கள் என்பதும் அந்த அதிர்ச்சிக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வண்டி ஓட்டிய பாலஸ்தீன இளைஞனும் அந்த ஏழில் ஒருவன். அவனைப் போன்றவர்கள் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் போனார்கள்.

அறிக்கை எழுதக் கொழும்பில் இரண்டு இரவு ஆனது. குழாய்களின் எண்ணிக்கை, குழிகளின் ஆழம், எந்தப் பிரிவில் வடிகால் முதலில் வேண்டும், குளோரின் வாடையைக் குறைக்க என்ன செய்யலாம் என்று எல்லாவற்றையும் எழுதினேன். கடைசிப் பகுதியில், தண்ணீர்த் தேவையைக் குறைக்கும் வழிகள் என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி சேர்த்தேன்: கிணறு உள்ள குடும்பங்களை அவர்கள் கிணற்றிடம் போக விட்டால், இந்தத் தேவையின் பெரும்பகுதி இல்லாமல் போகும், செலவும் மிச்சம். மேலாளர் வாசித்துவிட்டு, "இது அரசியல் வரி" என்றார். "கணக்கு வரி" என்றேன். ஒரு நாள் யோசித்தார். வரி தப்பியது; ஆனால் பின்னிணைப்புக்குப் போனது. பின்னிணைப்பை யார் படிக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்த ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதியிலிருந்து அனுமதிச் சீட்டோடு முகாமை விட்டு வெளியே போய்வர விட்டார்கள். என் வரியால் அல்ல. உலக நாடுகளின் நெருக்குதல், நெருங்கிக்கொண்டிருந்த அதிபர் தேர்தல் எல்லாம் இருந்தன. கடைசிக் குடும்பங்கள் வெளியேறி மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டம்பரில். கம்பிக்குள் வந்தது முதல் கம்பி அகன்றது வரை மூன்று ஆண்டுக்கு மேல். சரணடைந்தவர்கள், சந்தேகத்தில் பிரித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள் வேறு இடங்களில். அவர்களில் சிலரை வீட்டார் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அந்தத் தாய்மார் சாலையோரப் பந்தலில் படங்களோடு வருடக்கணக்காக உட்கார்ந்திருப்பதைப் படத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எங்கே பதிவது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1999-இல் டாக்டர் ஜெமிலா மாஹ்மூட் தொடங்கிய மெர்சி மலேசியா பயிற்சி கொடுத்து ஆள் எடுக்கிறது. மலேசியச் செம்பிறைச் சங்கம் இருக்கிறது. ஏதாவது ஒரு தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்: தாதியோ, மின்சாரமோ, லாரி ஓட்டுவதோ, கணக்கோ. இரக்கம் அங்கே ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. மோட்டாரைப் பழுது பார்க்கத்தான் ஆள் இல்லை. விமானம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. மலேசியாவில் பதிவு பெற்ற ரோஹிங்கியா அகதிகளே ஒரு லட்சத்துக்கு மேல். நாம் அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு. அவர்கள் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி இல்லை. செபராங் பிறையில் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போக மோட்டார்சைக்கிளே போதும்.

2010-இல் நான் மறுபடியும் போனேன். இந்த முறை கிளிநொச்சிக்கு. ஏ-9 சாலையோரம் பெரிய தண்ணீர்த் தாங்கி ஒன்று அடியோடு சாய்ந்து கிடந்தது. போரின் கடைசிக் கட்டத்தில் விழுந்தது. தெற்கிலிருந்து பேருந்தில் வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வேலை அதற்குப் பின்னால், உள்ளே, திரும்பி வந்தவர்களின் கிணறுகளில். கிணற்றுக்காரியைத் தேடினேன் என்று சொல்ல மாட்டேன். பெயர் கேட்க அனுமதி இல்லாத இடத்தில் சந்தித்தவரை எதை வைத்துத் தேடுவது?

முதலில் கண்ணிவெடி அகற்றுவோர் வந்து கிணற்றடியையும் உள்ளேயும் பார்த்து வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். பிறகு நாங்கள் மோட்டார் வைத்து இறைப்போம். இரண்டு வருடத் தண்ணீர். கறுத்து வரும். ஓட்டுத் துண்டு, தறப்பாள், ஒற்றைச் செருப்பு, தையல் மிஷினின் தலை, வெடிக்காதது ஏதாவது இருந்தால் வேலையை நிறுத்திவிட்டு மறுபடியும் வெள்ளைக் கோட்டுக்காரர்கள். வேறு சிலவும் வந்தன. அவற்றுக்கு ஊர்ப் பெரியவரையும் பொலிசையும் கூப்பிட வேண்டும். சுவரைத் தேய்த்துக் கழுவி, ஊற விட்டு, மறுபடி இறைத்து, மூன்றாம் முறைதான் குளோரின்.

பரந்தன் பக்கம் ஒரு வளவில் கூரை இல்லை, கதவு இல்லை, பனைகளுக்குத் தலை இல்லை. கிணற்றின் சொந்தக்காரர் அறுபது தாண்டியவர்; மூன்று நாளும் கப்பி இருந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டே நின்றார். மூன்றாம் நாள் விடிகாலை போனபோது அடியில் ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஊறியிருந்தது. தெளிவாக. வானம் தெரிந்தது. நான் முழங்காலிட்டு, பையிலிருந்து கண்ணாடிக் குழலையும் மாத்திரையையும் எடுத்தேன். "ஐயா, குளோரின் போட்டு ஒரு நாள் பொறுக்கணும், இப்பக் குடிக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தேன். அவர் அதற்குள் வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கி, இழுத்து, ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டிருந்தார்.

"பிள்ளையும் குடியுங்கோ" என்று வாளியை என் பக்கம் நகர்த்தினார்.